பாட்டிலில் அடங்காத ஓடை

அலாஸ்காவின் வடசரிவில் ஜூன் கடைசியில் சூரியன் மறைவதே இல்லை. டூலிக் கள ஆய்வு நிலையத்தில் எனக்கு அது முதல் கோடை. ராத்திரி பதினொரு மணிக்கும் இம்னாவைத் ஓடைக்கரையில் உட்கார்ந்து தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருப்பேன். பால் கலக்காத டீயின் நிறத்தில் இருக்கும் அந்தத் தண்ணீர். நிலத்தடிப் பனிக்கட்டி உருகிய இடங்களில் சின்னச் சின்னக் குளங்கள், அவற்றைக் கோத்தபடி குறுகிய வாய்க்கால். மேலிருந்து பார்த்தால் பாசிமணி மாலை மாதிரி தெரியும்.

கோடையில் மேல்மண் அரை மீட்டர் ஆழம்கூட இளகாது. இரும்புக் கம்பியைச் செருகினால் கொஞ்ச தூரத்திலேயே ‘ணங்’ என்று நிற்கும். அதற்குக் கீழே, வருடக்கணக்கில் உருகாத உறைமண். வட துருவப் பகுதியின் இந்த மண்ணில் முடங்கிக் கிடக்கும் கார்பன், காற்றுமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் ஒரு பங்கு ஓடைத் தண்ணீரில் கரைந்து வருகிறது. அதை பாக்டீரியாக்கள் எவ்வளவு வேகமாகத் தின்று கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

கார்பன் ஒட்டியிருக்கக் கூடாது என்பதற்காகப் பாட்டில்களை 450 டிகிரியில் சுட்டு வைப்போம். அவ்வளவு கவனம். ஆனாலும் ஒரு வாரத்து மாதிரிகளில் கார்பன் அளவு தாறுமாறாக ஏறியிருந்தது. மேலே எங்கோ கரை சரிந்து பழைய மண் ஓடையில் கலந்திருக்கிறது என்று நானே முடிவுகட்டி, குறிப்பேட்டில் அரைப் பக்கம் எழுதியும் விட்டேன். குழுவில் மூத்தவர் அதைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “அன்னிக்குக் கையில என்ன தடவியிருந்தீங்க?” கொசு விரட்டி மருந்து. அதுவும் கார்பன் சேர்மம்தானே! கருவிக்கு எல்லாம் ஒன்றுதான்.

மறுபடி எடுத்த மாதிரிகளைப் பாட்டிலில் அடைத்து இருட்டில் வைத்தோம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கார்பன் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. சைபீரியாவின் கொலிமா ஆற்றோரம், 20,000 ஆண்டுகளுக்கும் மேல் உறைந்திருந்த மண்ணிலிருந்து கசிந்த கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரண்டே வாரத்தில் தீர்ந்துபோனதாகப் படித்திருந்தேன். பழசுதான் செரிக்காது என்று நினைத்திருந்த எனக்கு இது தலைகீழாகப்பட்டது. யோசித்தால் நியாயம்தான். மட்குவதற்கு முன்பே உறைந்துபோன சரக்கு அது. எங்கள் ஓடைக்கு வருவதோ, வரும் வழியில் மண்ணின் நுண்ணுயிர்கள் மென்று முடித்த மிச்சம்.

சரி, எங்கள் ஓடையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்று எழுதிவிடலாமா? எழுத இருந்தேன். 2014இல் வந்த ஆய்வு, இதே வட்டாரத்து ஏரிகளிலும் ஆறுகளிலும் தண்ணீருக்குள் நடக்கும் கார்பன் மாற்றத்தில் 70 முதல் 95 சதவீதம் வரை சூரிய ஒளியின் வேலை என்கிறது. நானோ இருபத்துநாலு மணி நேரமும் வெயில் காயும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, பாட்டில்களைப் பத்திரமாக இருட்டில் பூட்டி வைத்திருந்தேன்.

விட்டது வெயிலை மட்டுமா? பக்கத்து கூபாருக் ஆற்றில் கற்கள் மேல் கால் வைத்து இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். வழுக்கியது உயிர்ப்படலம், பாசியும் பாக்டீரியாவும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் வழவழப்பு. அதை பாட்டிலில் எப்படி அடைப்பது? அந்த ஆற்றில் 1983 முதல் கோடைதோறும் பாஸ்பரஸ் சொட்டவிட்டுப் பார்த்தார்கள். முதலில் கற்களில் பாசி தழைத்தது. பல வருடம் கழித்துத்தான் நீர்ப்பாசம் (மாஸ் எனப்படும் குட்டிச் செடி) பரவி ஆற்றடியின் தோற்றத்தையே மாற்றியது. இரண்டு வாரத்தில் மூடியைத் திறந்து பார்த்திருந்தால் அந்த நீர்ப்பாசத்தின் சுவடே தெரிந்திருக்காது.

அடுத்த கோடையில் இருட்டுப் பாட்டில்களோடு குவார்ட்ஸ் குழாய்களையும் கொண்டுபோய் வெயிலில் வைத்தோம். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். இன்னொரு பக்கம் ஓடைக் கற்களை மூடிய பெட்டிகளில் வைத்து ஆக்சிஜன் குறைவதை அளந்தோம். வேலை மும்மடங்கானது. கொசு மருந்துக்குப் பதில் தலைக்கு வலை மாட்டிக்கொண்டேன். கைகள் மட்டும் அந்தக் கோடை முழுக்க கொசுக்களுக்குத்தான்.