ஐந்துக்கு நான்கு முறை

"பணத்தை அறிந்துகொள்வான்."

சிறப்புப் பயிற்றுநராகப் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு பையனின் தனிநபர் கல்வித் திட்டத்தில், அதாவது மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கென்று தனியாக எழுதும் திட்டத்தில், 'குறிக்கோள்' என்ற கட்டத்தில் நான் எழுதிய வரி இது. முந்தைய ஆண்டின் படிவத்திலும் இதே வரிதான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதினேன். ஆண்டு முடிவில் "முன்னேற்றம் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என்ன முன்னேற்றம் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அவனுடைய அம்மா மட்டும் ஒரு நாள் கேட்டார்: "அப்படியென்றால் இவனைக் கடைக்கு அனுப்பலாமா டீச்சர்?"

அனுப்பிப் பார்த்தோம். அட்டையில் அச்சிட்ட பொம்மை நோட்டுகளை வைத்துத்தான் அவனுக்குப் பயிற்சி கொடுத்திருந்தேன். அவற்றை அழகாகப் பிரித்து அடுக்குவான். அன்று அவன் கையில் இருந்தது கசங்கி, ஓரம் கிழிந்த உண்மையான 10 ரூபாய் நோட்டு. கடைக்காரர் கேட்கக் கேட்க, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அறிவான், புரிந்துகொள்வான், மேம்படுவான் போன்ற வினைச்சொற்களைத் திட்டத்தில் எழுதுவதை விட்டுவிட்டேன். அவை கண்ணால் பார்க்க முடியாதவை. அதே பையனுக்கு மறுபடி எழுதினேன்: "தெருமுனைக் கடையில், அம்மா உடன் நிற்க, 10 ரூபாய், 20 ரூபாய் நோட்டுகளைக் கலந்து கொடுத்தால், கடைக்காரர் கேட்கும் நோட்டை எடுத்துக் கொடுப்பான், ஐந்துக்கு நான்கு முறை." எங்கே, யார் துணையோடு, எதைச் செய்வான், எத்தனை முறை சரியாகச் செய்தால் கற்றுக்கொண்டான் என்று கொள்ளலாம் என்ற நான்கும் அதில் வந்துவிட்டன. இதைச் சரிபார்க்க நான் தேவையில்லை. கடைக்காரரே சொல்லிவிடுவார்.

மதுரை மாவட்டத்தில் வேலை செய்கிறேன். ஒரு நாள் வட்டார வள மையத்தில் இருப்பேன், மறுநாள் ஏதாவது ஒரு பள்ளியில். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போவேன். பஸ்ஸில்தான் பாதி வாழ்க்கை கழிகிறது. ஐ.இ.பி. என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்தத் தனிநபர் கல்வித் திட்டம் அமெரிக்காவில் 1975-இல் வந்த கல்விச் சட்டத்தோடு பிறந்தது என்று பி.எட். வகுப்பில் படித்திருந்தேன். அங்கே பெற்றோர் அந்தத் திட்டக் குழுவின் உறுப்பினர். ஆண்டுக்கு ஒரு முறையாவது திட்டத்தை மறுபார்வை செய்தே ஆக வேண்டும். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்பத் தனித்தனியான ஆதரவு தருவதையும், அவர்கள் கற்று முன்னேறுவதைக் கண்காணிப்பதையும் பள்ளிகளின் கடமையாகச் சொல்கிறது. தேர்வுக்காக இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்தேன். பெற்றோர் உறுப்பினர் என்பதன் பொருள் மட்டும் செக்கானூரணிக்கு அப்பால் ஒரு வீட்டுத் திண்ணையில்தான் எனக்கு விளங்கியது.

அந்த வீட்டுச் சிறுமிக்கு அப்போது 9 வயது. மூளை முடக்குவாதம். இடது கை எப்போதும் மூடியே இருக்கும். வலது கை ஓரளவு விரியும். ஊர்ப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர் உண்டு, பயிற்சி வீட்டில். அவள் படிவத்தில் "கைத்தசை வலிமை மேம்படும்" என்று இருந்தது. அதற்காகப் பிசையும் களிமண்ணும் துளையில் செருகும் கட்டைகளும் கொடுத்திருந்தோம். அவை உறை பிரிக்காமல் அலமாரி மேல் இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. சிறிது நேரம் அந்த வீட்டில் உட்கார்ந்த பிறகுதான், கோபப்பட எனக்கு உரிமையில்லை என்று தெரிந்தது.

அம்மாவும் அப்பத்தாவும் கூலிக்குப் பூக்கட்டுகிறவர்கள். விடியலில் பறித்த மல்லிகை மொட்டுகள் காலையில் வீட்டுக்கு வந்துவிடும். மாலையில் மலர்ந்துவிடும் என்பதால் அதற்கு முன்பே கட்டி அனுப்பியாக வேண்டும். முகூர்த்த நாள் என்றால் இருவருக்கும் சோறு உண்ணக்கூட நேரமில்லை. நடுவில் களிமண்ணை யார் எடுத்துக் கொடுப்பது? பாயில் சாய்ந்து கிடந்த சிறுமியோ என்னைப் பார்க்கவே இல்லை. அப்பத்தாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, நார் ஒரு சுற்று. மறுபடி இரண்டு, இரண்டு.

"இவள் எதை விரும்பிப் பார்க்கிறாள் அப்பத்தா?" என்று கேட்டேன்.

"வேறு எதை? பூவைத்தான். கிட்டே விட்டால் கசக்கிவிடுவாளே என்று தள்ளி வைத்திருக்கிறோம் டீச்சரம்மா."

அடுத்த முறை இயன்முறை மருத்துவரையும் அழைத்துப் போனேன். உட்காரப் பிடிமானம் தரும் கார்னர் சேர் ஒன்றைச் சுவர் மூலையில் போட்டு, அப்பத்தாவுக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்தோம். முதுகுக்கும் இடுப்புக்கும் பிடிமானம் கிடைத்ததும் அவள் வலது கை அதுவரை நான் பார்க்காத அளவுக்கு முன்னால் வந்தது. பிறகு நால்வரும் பேசி எழுதினோம். முதலில் செவ்வந்தி: உள்ளங்கை நிறைய அள்ளி எடுக்கலாம். அடுத்து சம்பங்கி: விரல்களால் பற்ற வேண்டும். கடைசியில் மல்லி மொட்டு: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கூடினால்தான் முடியும். இந்த வரிசையைச் சொன்னவர் அப்பத்தா. கைப்பிடி வளரும் வரிசையும் இதுதானே என்று இயன்முறை மருத்துவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டத்தில் எழுதியது இது: "கார்னர் சேரில் உட்கார்ந்து, தட்டிலிருந்து பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து, நான்கு நான்காக வைப்பாள், ஐந்துக்கு நான்கு முறை." கைப்பயிற்சியும் கணக்கும் ஒரே தட்டில் வந்துவிட்டன.

ஒன்று என்னை உறுத்தியது. பிள்ளையைக் கூலி வேலையில் இழுத்துவிடுகிறோமோ? அம்மாவிடம் வெளிப்படையாகவே பேசினேன். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், அவளுக்கென்று தனித் தட்டு, அவள் தொட்ட பூ விற்பனைக்குப் போகாது என்று முடிவு செய்து அதையும் எழுதினோம். அவள் தட்டுப் பூ வீட்டுச் சாமி படத்துக்குப் போனது.

ஒவ்வொரு முறையும் குறித்து வைக்க ஒரு தாள் கொடுத்தேன். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "தாளெல்லாம் வேண்டாம். நாலு சரியாக வைத்தால் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட்டுவிடுகிறேன்" என்றார். தவறினால்? "தவறினால் ஒரு கல்." இதைவிட நேர்மையான பதிவேட்டை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

எல்லா இடத்திலும் இப்படி அமைந்துவிடவில்லை. பள்ளிகளில் முதலில் கேட்பது "எனக்கு ஏது நேரம்?" என்பதுதான். வகுப்பாசிரியர்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாட்டை அன்றாடம் பார்க்கிறேன். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கத் தொடங்கிய பிறகு, ஒரே வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பாடம் இல்லை என்பதை நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. அரும்புக்கும் முன்னால் ஒரு நிலை உண்டு, அங்கிருந்து தொடங்குவோம் என்று சொன்னால் போதுமானதாக இருந்தது.

புற உலகச் சிந்தனையற்ற, ஆட்டிசம் என்று இன்று எல்லோரும் சொல்லும் நிலையில் உள்ள ஒரு பையன் இரண்டாம் வகுப்பில் இருந்தான். பள்ளியில் காலை உணவைத் தொடவே மாட்டான். சத்தம் அவனைக் கலைத்துவிடும். அவனை வாசல் ஓரம், மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் முன்னதாக உட்கார வைப்பது என்று திட்டத்தில் ஒரு வரி சேர்த்தோம். தட்டு கழுவுவதைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியை, அதாவது கழுவிய தட்டைக் கூடையில் வைப்பதை, முதலில் கற்றுக்கொடுத்தோம். வேலையை முடித்த நிறைவு முதல் நாளே அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பின்னோக்கிய வரிசை. கையைப் பிடித்துச் செய்யவைப்பதில் தொடங்கி, பிறகு தொடாமல் சுட்டிக்காட்டுவது, பிறகு வெறும் சொல், பிறகு அதுவும் இல்லாமல் என்று உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினோம். விலக்குவதுதான் கடினம். அன்புள்ள ஆசிரியர்களுக்கு இன்னும் கடினம்.

தோற்றதையும் சொல்ல வேண்டும். கற்றல் குறைபாடுள்ள ஒரு மாணவன் எட்டாம் வகுப்பு வரை எங்கள் பார்வையில் இருந்தான். கேள்வியை யாராவது படித்துக் காட்டினால் வாயால் தெளிவாகப் பதில் சொல்வான். எழுதச் சொன்னால் வரிகள் குலைந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனான். மாற்றுச் சான்றிதழ் போனது, மதிப்பெண் பட்டியல் போனது, தனிநபர் கல்வித் திட்டம் போகவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு மருத்துவச் சான்றிதழும் உரிய காலத்தில் விண்ணப்பமும் வேண்டும். புதிய பள்ளியில் அவன் 'அக்கறையில்லாத பையன்' என்றே அறியப்பட்டிருந்தான். எனக்குத் தகவல் தெரிந்தபோது விண்ணப்பத் தேதி முடிந்திருந்தது. கோப்பை ஒரு முறை கையோடு எடுத்துப் போய்க் கொடுத்திருக்கலாம் நான். இப்போது எட்டாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் திட்டத்தையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பெற்றோர் கையிலும் ஒன்றைப் புதிய தலைமையாசிரியர் கையிலும் நேரில் கொடுக்கிறேன். அந்தப் பையனுக்கு அது உதவாது.

செக்கானூரணி வீட்டில் மறுபார்வை வைத்த நாளன்று வகுப்பாசிரியரும் வந்திருந்தார். அப்பத்தா டப்பாவைக் கொண்டுவந்து முறத்தில் கொட்டினார். எண்ணினோம். 41 புளியங்கொட்டை, 9 கல். கற்களில் பெரும்பாலானவை மல்லிக்கு மாறிய முதல் வாரத்தில் விழுந்தவை என்று அவரே விளக்கினார்.

அடுத்து என்ன எழுதலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தோம். எழுத்து என்றார் ஆசிரியர். நிற்கப் பழக்கலாம் என்றார் இயன்முறை மருத்துவர். தானாகச் சாப்பிட்டால் போதும் என்றார் அம்மா. அப்போது பள்ளி மணி அடித்தது. அந்த வீட்டுக்கு அது நன்றாகவே கேட்கும். சிறுமி பேச்சை உடைத்துக்கொண்டு, "ம...ணி" என்றாள். பிறகு தன் வலது கையை மூடி, காற்றில் இழுத்துக் காட்டினாள்.

"மணி உயரத்தில் தொங்குகிறதே, சுத்தியலால் அல்லவா அடிக்கிறோம்" என்றார் ஆசிரியர்.

"வேறு ஒரு மணியை மாட்டிக் கயிறு கட்டுங்கள். கயிறு நான் திரித்துத் தருகிறேன். எவ்வளவு நீளம் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார் அப்பத்தா.

இயன்முறை மருத்துவர் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார். அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, கையை நீட்டச் சொல்லி அளந்தார். படிவத்தின் முதல் கட்டத்தில் நான் எழுதினேன்: தரையிலிருந்து 95 சென்டிமீட்டர்.