சாகா காரில் விசில் சத்தம்: ஆர்சிஏ எர்த் வேலை, இதுவரை

வண்டி பழைய புரோட்டோன் சாகா, ஓடுவது மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பாதைகளில். பாட்டுச் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப், பின்பக்க பூட்டில் (சாமான் அறையில்) இருக்கிறது. இன்ஜின் ஓடினால் ஸ்பீக்கரில் ஒரு விசில், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறுகிறது. வால்யூமைக் குறைத்தாலும் விசில் குறையவில்லை. அப்படியென்றால் வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பிறகுதான் எங்கோ நுழைகிறது.

சனி மாலை

ரேடியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளை ஆம்பிலிருந்து கழற்றி, அந்த இடத்தில் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் ஈயம் வைத்து ஒட்டிய பழைய பிளக்கைச் செருகியதும் சத்தம் நின்றது. அப்படியென்றால் கோளாறு ஆம்பிலும் இல்லை, ஸ்பீக்கர் வயரிலும் இல்லை.

ஆர்சிஏவில் நடு ஊசி பாட்டைக் கொண்டுபோகிறது. வெளி வலை திரும்பும் பாதை. பூஜ்ஜியம் எது என்று ஆம்புக்குக் காட்டுவதும் அதுதான். ரேடியோ பக்கத்துப் பூஜ்ஜியமும் பூட் பக்கத்துப் பூஜ்ஜியமும் ஒன்றாக இல்லாவிட்டால், அந்த வித்தியாசத்தையும் பாட்டு என்று நினைத்து ஆம்ப் பெருக்கிவிடும். 2 வோல்ட் சிக்னலில் 20 மில்லிவோல்ட் கலந்தாலே காதுக்குத் தெரியும். விலையுயர்ந்த கேபிள் மாற்றி இதைத் தீர்க்கப் பார்ப்பது காசுக்குப் பிடித்த கேடு.

ஞாயிறு

பாட்டு சத்தமாக ஓடும்போது ஆம்பின் எர்த் முனைக்கும் (மின்னோட்டம் வண்டியின் இரும்பு உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் முனை) பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டர் காட்டியது 0.36 வோல்ட். எர்த் வயர் 8 கேஜ், 1.2 மீட்டர். 20 ஆம்பியர் ஓடினாலும் அந்த வயரில் 0.05 வோல்ட்தான் விழும். மீதி எங்கே? போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் பெயிண்ட் அப்படியே இருக்கிறது, சுற்றிலும் துரு. செம்மண் ரோட்டுக் குலுக்கலில் போல்ட்டும் தளர்ந்திருந்தது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பளபளவென்று இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முன்பைவிடத் தடித்த 4 கேஜ் வயர் 40 சென்டிமீட்டர், பல் வாஷர், 8 மில்லிமீட்டர் போல்ட். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ். நம்மூர் மழைக்கு அது இல்லாமல் ஆகாது. சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் எடுக்கக் கூடாது. இப்போது 0.04 வோல்ட். விசில் பாதியாகக் குறைந்தது, போகவில்லை.

அடுத்த சனி

ரேடியோவை வெளியே எடுத்து, ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் ரேடியோவின் இரும்புப் பெட்டிக்கும் இடையே ஓம் பார்த்தால் 1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். இங்கே இணைப்பே இல்லை. ஆம்ப் எர்த் தளர்ந்த காலத்தில் அதன் மின்னோட்டம் ஆர்சிஏ வலை வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. அதில், ரேடியோவுக்குள் வளையத்தையும் பெட்டியையும் இணைக்கும் சின்ன ஃபியூஸ் எரிந்துவிட்டது. ஒரு வயரால் வளையத்தையும் பெட்டியையும் தற்காலிகமாக இணைத்ததும் விசில் முழுதாக நின்றது.

பலர் அந்த வயரை அப்படியே விட்டுவிடுவார்கள். எர்த் மறுபடி தளர்ந்தால் சூடேறுவது அந்த வயரும் ஆர்சிஏவும்தான். அதனால் அதே அளவு ஃபியூஸை ஈயம் வைத்துப் போட்டாயிற்று.

இந்த மாதிரி எர்த் சத்தத்தைத் தடுக்க ஆர்சிஏ நடுவில் போடும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் வாங்கவில்லை. மலிவானது விசிலோடு அடி பேஸையும் சேர்த்து எடுத்துவிடும்.

பாக்கி வேலை: இரண்டு வாரம் தோட்டப் பாதையில் ஓடிய பிறகு அந்த போல்ட்டுக்கு இன்னொரு முறுக்கு.