சித்தப்பாட கசெட்டுகளுக்கு ரெண்டு டிஸ்க்

2024 ஜூன் 8, சனி

சித்தப்பா முந்தி வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கல்யாணம், சாமத்திய வீடு, அரங்கேற்றம் எண்டு வீடியோ எடுத்துத் திரிஞ்சவர், எல்லாம் மினி டிவி (MiniDV) எண்ட சின்ன டிஜிட்டல் வீடியோ கசெட்டில. அந்தப் பெட்டியை இப்ப என்னட்டத் தந்திட்டார். "பிள்ளை, இதுகளை உன்ர கொம்பியூட்டரில ஏத்தி வை, பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிட்டுது." கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடு, பிடிக்காமல் விடுமா.

கணக்குப் போட்டன். மினி டிவி ஒரு மணித்தியாலத்தை அப்படியே இறக்கினா கிட்டத்தட்ட 13 ஜிபி வரும். பெட்டிக்குள்ள கிடக்கிறதைப் பாத்தா 2 டெராபைட்டை, அதாவது 2000 ஜிபியைத் தாண்டும் போல. என்ர மெஷினில இருக்கிறது 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி, மதர்போர்டிலயே செருகிற சின்ன டிஸ்க், ஒண்டு மட்டும். தம்பி யூஎஸ்பி டிஸ்க் ஒண்டு வாங்கினாக் காணும் எண்டுறான், ஆனா கேஸுக்குள்ள டிஸ்க் பூட்டிற தட்டு நாலு சும்மா கிடக்கேக்க ஏன் மேசையில வயர் தொங்க விடோணும், உள்ளுக்க பூட்டினா ஆரும் தட்டி விழுத்தேலாது, எடிட் பண்ணேக்கயும் நேரா அதில இருந்தே ஓடும்.

இரவு பக்கத் தகட்டைக் கழட்டி உள்ளுக்க பாத்தன். மதர்போர்டில சாட்டா போர்ட், அதாவது டிஸ்க் கேபிள் கொழுவிற வாய், ஆறு. பவர் சப்ளையில இருந்து வாற சாட்டா பவர் வயரில மூண்டு தலை, ஒண்டும் பாவிக்கேல்லை. இதைப் பாக்காமல் கடைக்குப் போகக்கூடாது, டிஸ்க் வாங்கிறது லேசு, அதுக்குக் கறண்ட் எங்கயிருந்து எண்டது தான் கேள்வி.

ஜூன் 10, திங்கள்

வேலை முடிஞ்சு 100 பஸ்ஸில பம்பலப்பிட்டி, யூனிட்டி பிளாசா. கேட்டது 4 டெராபைட் ரெண்டு. கடைத் தம்பி முதல் எடுத்து வச்சது சீகேட் பராகுடா, விலை குறைவு. அது எஸ்எம்ஆர் டிஸ்க், அதாவது கூரைக்கு ஓடு அடுக்கிற மாதிரி ஒரு தடத்துக்கு மேல மற்றத் தடம் கொஞ்சம் ஏறி நிக்கும், இடம் மிச்சம், ஆனா ஒரு இடத்தைத் திருப்பி எழுதோணும் எண்டா பக்கத்தில இருக்கிறதையும் சேத்து எழுதோணும். சும்மா போட்டு வைக்கப் பரவாயில்லை. மணித்தியாலக் கணக்கா விடாமல் எழுதினா வேகம் அப்படியே படுத்திடும். 2020ல வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்குகள் சிலதில சொல்லாமலே எஸ்எம்ஆர் போட்டது வெளிய வந்து எவ்வளவு சத்தம், அதுக்குப் பிறகு தான் ரெட் பிளஸ் எண்டு தனியாப் பிரிச்சவை. நான் தடம் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறாத சிஎம்ஆர் தான் வேணும் எண்டு நிண்டு சீகேட் ஐயன்வூல்ஃப் ரெண்டு வாங்கினன், கூட 4 டெராபைட் யூஎஸ்பி டிஸ்க்கும் ஒண்டு, அது ஏன் எண்டு பிறகு எழுதிறன். சாட்டா டேட்டா கேபிளும் வாங்கினன், தனி டிஸ்க்கோட அது வராது.

"அக்கா, பவர் தலை காணாட்டி இதையும் எடுங்க" எண்டு மொலெக்ஸ் எண்ட பழைய வகைப் பவர் தலையில இருந்து சாட்டாவுக்கு மாத்திற வயர் ஒண்டு நீட்டினார். பிளாஸ்டிக்கை உருக்கி வாத்த தலை. அந்த வகைக்குள்ள கம்பிகள் மெல்ல விலகி ஒண்டோட ஒண்டு முட்டி உருகி எரிஞ்ச கதை உலகம் பூரா இருக்கு. எனக்கு மூண்டு தலை இருக்கு, வேண்டாம் எண்டிட்டன். தேவைப்படுற ஆக்கள் கம்பி ஒவ்வொண்டும் தனித்தனியாத் தெரியிற, மூடி கழட்டக்கூடிய வகையாப் பாத்து வாங்குங்கோ.

ஜூன் 12, புதன்

பூட்டியாச்சு. சுவர் பிளக்கைக் கழட்டி, பவர் பட்டனை ஒருக்கா அமத்தி மிச்சக் கறண்டை விட்டு, கேஸ் தகட்டில கையை வச்சிட்டுத் தான் டிஸ்க்கைத் தொட்டது. ரெண்டுக்கும் நடுவில ஒரு தட்டு வெறுமையா விட்டிருக்கிறன், காத்துப் போக. ஸ்க்ரூ விஷயம் கவனம், பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்கு தடிச்ச புரி, எஸ்எஸ்டிக்கு மெல்லிய புரி, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி, இறுகினா விட்டிடோணும், திருப்புளியால பலவந்தம் பண்ணினா புரி போயிடும்.

சாட்டா தலைக்குள்ள எல் வடிவில ஒரு கறுப்பு நாக்கு இருக்கு. நேரா உள்ளுக்க போகோணும், நேரா வெளிய வரோணும், மேல கீழ ஆட்டினா அந்த நாக்கு முறிஞ்சு கேபிளோடயே வந்திடும்.

தம்பி தன்ர பழைய மெஷினில இருந்து இன்னொரு பவர் வயர் கொண்டு வந்தான், நீட்டா இருக்கும் எண்டு. வேண்டவே வேண்டாம் எண்டன். வயரைக் கழட்டிப் பூட்டிற பவர் சப்ளைகளில டிஸ்க் பக்கத் தலை எல்லாத்துக்கும் ஒண்டு, சப்ளைப் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி வேற. 5 வோல்ட் போற இடத்தில 12 போனா டிஸ்க் அந்த நிமிசமே முடிஞ்சுது.

ஜூன் 13, வியாழன்

ஒரு டிஸ்க் தான் தெரியுது. மற்றது சுத்திற சத்தம் கேக்குது, கை வச்சா அதிருது, ஆனா பயாஸில, விண்டோஸுக்கு முதல் வாற செட்டிங் பக்கத்தில, இல்லை. மதர்போர்ட் கையேட்டைத் தேடி எடுத்துப் பாத்தா சின்ன எழுத்தில கிடக்கு, எம்.2 இடத்தில எஸ்எஸ்டி இருந்தா சாட்டா 5உம் 6உம் வேலை செய்யாதாம். கன போர்டில இந்த மாதிரிப் பங்கு இருக்கு, டிஸ்க் பழுது எண்டு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட முதல் கையேட்டைப் பாருங்கோ. கேபிளை 3க்கு மாத்தினன், உடன வந்திட்டுது.

பிறகு விண்டோஸில டிஸ்க் மேனேஜ்மென்ட். டிஸ்க்கைப் பிரிக்கிற முறை எது எண்டு கேக்கும், ஜிபிடி தான் தெரிவு செய்யோணும், பழைய எம்பிஆர் எண்டா 2 டெராபைட்டுக்கு மேல தெரியாது. 4 எண்டு வாங்கினது 3.63 எண்டு காட்டுது, அதில களவு ஒண்டும் இல்லை, கம்பெனி ஆயிரத்தால பிரிக்குது, விண்டோஸ் 1024 ஆல பிரிக்குது. இன்னொண்டு, பழைய சாமான் இருக்கிற டிஸ்க்கைக் கொழுவேக்க இனிஷியலைஸ் பண்ணவா, அதாவது வெறும் டிஸ்க் மாதிரிப் புதுசாத் தொடங்கவா எண்டு கேட்டா ஓம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ.

குயிக் ஃபோர்மட் இல்லை, டிஸ்க் முழுக்கப் பழுது இருக்கோ எண்டு பாக்கிற முழு ஃபோர்மட் போட்டிட்டுப் படுக்கப் போறன்.

ஜூன் 15, சனி

ரெண்டும் பிழை இல்லாமல் முடிஞ்சுது. டிஸ்க்கின்ர நிலைமையைக் காட்டிற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில 5, 197, 198 எண்ட இலக்க வரி மூண்டும் பூச்சியம், இதுகள் ஏறினா டிஸ்க் போகுது எண்டு அர்த்தம். ஆனா ஒரு டிஸ்க்கில 199 எண்ட வரி கொஞ்சம் கொஞ்சமா ஏறினது. அது அனேகமா கேபிள் சரியில்லாத அறிகுறி. கேபிளை மாத்தினன், ஏறினது இறங்காது, அதுக்குப் பிறகு கூடவும் இல்லை.

சூடு தான் பிரச்சினை. ஏசி இல்லாத அறை, டிஸ்க் 47 பாகைக்குப் போட்டுது. முன்னுக்கு 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒண்டு பூட்டின பிறகு 40ல நிக்குது.

முதல் கசெட் கமெராவில இருந்து ஃபயர்வயர் கேபிளால இறங்கினது இண்டைக்குத் தான். கல்யாண மண்டபம், நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைக்கிறார், பின்னால சின்னப் பெடியன் ஒருத்தன் தவில்காரரையே வாய் பிளந்து பாத்துக்கொண்டு நிக்கிறான். ஆர் வீட்டுப் பிள்ளையோ.

ஜூன் 21, வெள்ளி, பொசன் போயா

ரெய்ட் போட்டு ரெண்டையும் ஒண்டாக்கு எண்டு தம்பி கேட்டான். நான் போடேல்லை. ரெண்டு டிஸ்க்கிலயும் ஒரே நேரம் ஒரே மாதிரி எழுதிற ரெய்ட் 1ல ஒரு ஃபைலை தவறி அழிச்சா அந்த நிமிசமே மற்றதிலயும் அழியும். அதால முதல் டிஸ்க்கில வேலை, ரெண்டாவதுக்கு இரவில கொப்பி போகும், அழிச்சது அதில ஒரு மாசம் கிடக்கும்.

ஆனா ரெண்டும் ஒரே பெட்டி, ஒரே பவர் சப்ளை. இடி விழுந்தா, வெள்ளம் வந்தா, கள்ளன் தூக்கினா ரெண்டும் சேந்து தான் போகும். 1981ல யாழ்ப்பாண நூலகத்தோட 97,000க்கு மேற்பட்ட புத்தகம் எரிஞ்சது, அதில வேற எங்கயும் கொப்பி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் இருந்தது. அந்த இழப்பைக் கேட்டு வளந்த நாங்கள் ஒரே இடத்தில வச்சிட்டு நிம்மதியா இருக்கேலாது. அதுக்குத் தான் அந்த யூஎஸ்பி டிஸ்க். இண்டைக்கு இதுவரை இறக்கினதை எல்லாம் அதில கொப்பி பண்ணி, தெஹிவளையில அக்கா வீட்ட கொண்டு போய் அலுமாரிக்குள்ள வச்சிட்டு வந்தன், மாசத்துக்கு ஒருக்கா எடுத்து வந்து புதுசு ஏத்துவன். டிஸ்க் மூண்டிலயும் சீரியல் நம்பரும் வாங்கின திகதியும் எழுதி ஒட்டியாச்சு, ஒண்டு பழுதானா எதைக் கழட்டிறது எண்டு தடுமாறத் தேவையில்லை.

சித்தப்பாவுக்கு அந்த நாதஸ்வரத் துண்டை அனுப்பினன். அந்தப் பெடியன் மாப்பிள்ளையின்ர அக்காட மகனாம், இப்ப லண்டனில. அவனுக்கும் அனுப்பச் சொல்லி நம்பர் தேடுறார்.