அறுபதைத் தாண்டாத போலீஸ் பல்சர்

மதுரை ஆயுதப்படை மைதானத்தில் கழிவு செய்த போலீஸ் வண்டிகளை ஏலம் விட்டபோது ஒரு பல்சர் 150 எடுத்தேன். 2013 மாடல். 15 வருஷம் முடிந்த அரசு வண்டி என்றால் 2023 ஏப்ரலிலிருந்து உடைக்கத்தான் போகும் என்பதால் வருஷத்தைப் பார்த்துத்தான் கையைத் தூக்கினேன். பேர் மாற்ற வழக்கமான 29, 30 படிவம் கிடையாது. ஏல வண்டிக்குப் படிவம் 32, வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள். அது சுலபமாகவே முடிந்தது. தலைவலி ரோட்டில்தான் ஆரம்பித்தது.

அறுபதைத் தொட்டதும் வண்டியைப் பின்னால் யாரோ பிடித்து இழுத்த மாதிரி வெட்டும். ஐம்பத்தஞ்சுக்கு இறங்கினால் மறுபடி சீறும். செல்லூரில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். கார்ப்பரேட்டர் கழுவினார், பிளக் மாற்றினார், ஏர் ஃபில்டர் மாற்றினார். எண்ணூறு ரூபாய் போனதுதான் மிச்சம், வண்டி அதே அறுபது.

பெட்ரோல் அடைப்பு என்றால் வண்டி முக்கிக்கொண்டே சோர்ந்துபோகும். இப்படிக் கத்தியால் நறுக்கின மாதிரி நிற்காது. இது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது. ஒத்தக்கடை தாண்டி நாலாவது கியரில் ஒரு தடவை, மூணாவதில் ஒரு தடவை முறுக்கிப் பார்த்தேன். ரெண்டிலும் அறுபதில்தான் வெட்டியது. இன்ஜின் சுற்று ரெண்டு கியரிலும் வேறு வேறு, வேகம் மட்டும் ஒன்று. அப்படியென்றால் ஏதோ ஒன்று வேகத்தை எண்ணிக்கொண்டு இருக்கிறது.

"அண்ணே, சீட்டைக் கழட்டுங்க."

சைரனுக்குப் போட்ட பழைய ஒயர்க் கூட்டத்துக்கு நடுவில், கருப்பு டேப் சுற்றிய தீப்பெட்டி அளவு பெட்டி. அஞ்சு ஒயர். கரண்டுக்கு ஒன்று, எர்த் ஒன்று, ஸ்பீடோமீட்டர் சென்சார் ஒயரில் ஒட்டவைத்த ஒன்று. மீதி ரெண்டும் சிடிஐக்கு, அதாவது பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் கருவிக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று எனக் கொடுத்திருந்தார்கள். வேகம் ஏறினால் பெட்டி சிடிஐக்குக் கரண்டை நிறுத்தும், ஸ்பார்க் வராது. அவ்வளவுதான் சங்கதி.

அவசரப்பட்டுச் சாக்கெட்டைப் பிடுங்கினேன். வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை. "ஏலத்துல எடுத்ததை எமன்கிட்ட குடுத்துட்டியே தம்பி" என்று அண்ணன் சிரித்தார். கரண்ட் அந்தப் பெட்டி வழியாகத்தானே போகிறது, பிடுங்கினால் எப்படி ஓடும்? சாக்கெட்டில் அந்த ரெண்டு ஒயரை மட்டும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தார். ஒரே உதையில் பிடித்தது. பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வெட்டின முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டுச் சுருக்கினார். சும்மா முறுக்கி டேப் ஒட்டினால் முதல் மழையிலேயே நடுரோட்டில் நிற்கும். சென்சார் ஒயரில் உரித்த இடத்தையும் மூடினார். சைரன் ஒயரெல்லாம் குப்பைக்குப் போனது.

டூவீலருக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி சட்டப்படி கட்டாயமில்லை. கம்பெனியிலிருந்து வந்ததும் இல்லை இது. அதனால் கழற்றியதில் எனக்கு உறுத்தல் இல்லை. ஆனால் அண்ணன் சாவியைத் தரவில்லை. பின் டயரின் பக்கவாட்டைக் காட்டினார்: 3113. அதாவது 2013-ல் 31-வது வாரம் செய்தது, வண்டியோடு பிறந்த டயர். "இதை வச்சுக்கிட்டா நூறுல போகப்போற?" ரெண்டு டயர், பிரேக் பேடு, செயின் செட் மாற்றிய பிறகுதான் கொடுத்தார். ஏலத் தொகையில் பாதி அதற்கே போனது.

யானைமலையை விட்டுச் சிட்டம்பட்டி டோல்கேட் வரை ஓட்டினேன். எண்பதில் வெட்டாமல் போனது. அதற்கு மேல் கை தானாகவே தளர்ந்துவிட்டது.

திரும்பி வந்து பெட்டியைக் கேட்டேன், தர மறுத்துவிட்டார். மகனுக்குக் காலேஜ் போகப் புது வண்டி வாங்கியிருக்கிறாராம். அதில் மாட்டப்போகிறாராம்.