கைக்கயிறும் தாழ்ப்பாளும்

சென்ற மாதம் எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், ஒரு தாய் எழுந்து, தம் மகனின் மணிக்கட்டில் யாரோ கட்டிவிட்ட இரட்டை வண்ணக் கயிற்றை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். வியர்வையில் சாயம் மங்கிய அந்த நூல் எந்தச் சாதியைக் குறிக்கிறது என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரிந்திருந்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்தவர்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டியதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் இத்தகைய கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அதை நான் முழுமனதுடன் ஆதரிக்கிறேன்.

ஆனால், ஒழுங்கு என்றதும் பிரம்பைத் திரும்பக் கொடுங்கள் என்று சில பெற்றோர் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது; அடிபட்டு வளரும் பிள்ளை, அடிப்பதைத்தான் கற்றுக்கொள்கிறது.

பாதுகாப்பு என்பதும் சுற்றுச்சுவரோடு முடிவதில்லை. மாணவியர் கழிப்பறையில் தாழ்ப்பாள் உடைந்து கிடப்பதால், தோழி ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதைச் சரிசெய்யும் தீர்மானத்தில் அன்று கையொப்பமிட்டோம். தாழ்ப்பாள் இன்னும் பொருத்தப்படவில்லை.