டி.சி.யில் ஒரு வரி, நாலு நாள் அலைச்சல்

தம்பிக்குக் கட்-ஆஃப் 200-க்கு 171. பொறியியல் கவுன்சலிங்கில் அவன் ஆசைப்பட்ட இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் பிரிவு) கிடைத்தது. விண்ணப்பம், சாய்ஸ் ஃபில்லிங் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. மாட்டிக்கொண்டது கடைசியில், கல்லூரி ஆபீஸில்.

அங்கிருந்தவர் பள்ளி மாற்றுச் சான்றிதழான டி.சி.யைக் கையில் வாங்கினார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். 'நடத்தை' என்ற இடத்தில் வெள்ளை மை பூசி, அதன்மேல் 'நன்று' என்று எழுதியிருந்தது. பூச்சுக்கு அடியில் பழைய எழுத்து மங்கலாகத் தெரிந்தது. "திருத்தின டி.சி. எடுத்துக்க மாட்டோம்மா. வேற வாங்கிட்டு வாங்க, கூடவே நன்னடத்தைச் சான்றிதழும்" என்றார். சேர நாலு நாள்தான் இருந்தது.

நடந்தது இதுதான். பிளஸ் டூ படிக்கும்போது தம்பி வகுப்புக்குப் போன் கொண்டுபோய், பிசிக்ஸ் சார் போர்டில் எழுதும்போது வீடியோ எடுத்துவிட்டான். தப்பு அவன்மேல்தான், அதை நான் மறுக்கவே இல்லை. மூன்று நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். அப்பா போய் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

ரிசல்ட் வந்தபின் டி.சி. வாங்கி வந்து வீட்டில் பிரித்தால், 'திருப்தி இல்லை' என்று இருக்கிறது! அம்மா அழுதுவிட்டார். மறுநாள் போய்க் கேட்டதும் கிளார்க் அங்கேயே வெள்ளை மை பூசி மாற்றிக் கொடுத்தார். தலைமையாசிரியர் சுருக்கொப்பமும் இல்லை, சீலும் இல்லை. எனக்கும் அப்போது அது தோன்றவில்லை. கவுன்சலிங் சரிபார்ப்புக்கு ஸ்கேன் செய்துதான் ஏற்றினோம். ஸ்கேனில் பூச்சு தெரியவே இல்லை.

ஆசிரியர்களிடம் ஒழுங்கீனமாக நடந்து பள்ளியிலிருந்து நீக்கப்பட்டால் டி.சி.யிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் காரணம் எழுதப்படும் என்று 2022 மே மாதம் அமைச்சர் அன்பில் மகேஷ் சட்டமன்றத்தில் சொன்னார். தம்பியை யாரும் நீக்கவில்லை. கடிதம் வாங்கி முடித்துவைத்த விஷயம் அது. பிறகு எதற்கு அந்த வரி? இந்த ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் நாள் பள்ளிக்குப் போனால் தலைமையாசிரியர் மீட்டிங் போயிருந்தார். இரண்டாம் நாள் கிளார்க், "நீங்க கேட்டுத்தானே மாத்தினேன்" என்று என்மேலேயே திருப்பினார். மூன்றாம் நாள் காலையில் வேறு வழியில்லாமல் பிசிக்ஸ் சாருக்கே போன் செய்தேன். அவர்தான் வகுப்பாசிரியரும்கூட. பத்து நிமிடம் பேசவிடாமல் திட்டுவார் என்று பயந்தேன். "பையனையும் கூட்டிட்டு வாம்மா" என்றார், அவ்வளவுதான்.

தம்பி அவர் முன்னால் தலை குனிந்து நின்றான். "மன்னிச்சுக்குங்க சார்" என்றான், குரலே வரவில்லை. சார் அவன் தோளில் தட்டிவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குள் போனார். ஒரு மணி நேரத்தில் புது டி.சி., லெட்டர்பேடில் நன்னடத்தைச் சான்றிதழ், இரண்டிலும் கையெழுத்தும் சீலும். வெளியே வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குச் சொல்கிறேன். கட்-ஆஃப் கணக்கில் நடத்தைக்கு இடமில்லை: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஆனால் ஒவ்வொரு பாடத்திலும் 10 அகமதிப்பீட்டு மதிப்பெண் பள்ளியின் கையில் இருக்கிறது. தம்பிக்கு இயற்பியலில் அது 7. அந்தச் சம்பவம்தான் காரணமா என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் மூன்று மதிப்பெண் என்றால் கட்-ஆஃபில் ஒன்றரை. மார்க் ஷீட் வந்தபின் கேட்டுப் பயனில்லை, முன்பே வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள்.

டி.சி.யைக் கவுன்டரிலேயே பிரித்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். தவறு இருந்தால் திருத்தித் தரச் சொல்லாதீர்கள், புதிதாகக் கேளுங்கள். அப்புறம், கல்லூரியில் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பள்ளி வாசலிலேயே ஐந்து ஜெராக்ஸ் எடுத்திருந்தேன். மறுநாள் ஹாஸ்டல் விண்ணப்பத்துக்கு இரண்டு கேட்டார்கள்.