வாரம் ஒரு பக்கம்: எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷுக்கு ஒரு வருஷ எழுத்துப் பயிற்சி

ரிசல்ட் வந்துவிட்டது. இங்கிலீஷில் ஏ பிளஸ். மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். பிளஸ் ஒன் அலாட்மெண்ட் அலைச்சல் தொடங்கிவிட்டால் நேரம் கிடைக்காது. கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் பத்தாவது போகிற தம்பி தங்கைகளுக்குத்தான் இது. ஜூன் முதல் மாடல் எக்ஸாம் வரை வாரம் ஒரு பக்கம் சொந்தமாக இங்கிலீஷில் எழுதித் தருவது எங்கள் வகுப்பில் நடைமுறை. மார்க்கைத் தூக்கியது அதுதான் என்று அடித்துச் சொல்வேன். கைடு எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் கணக்கு. எழுத்துத் தேர்வு 80 ஸ்கோர் (மார்க்), சி.இ. (வருஷம் பூராவும் செய்கிற வேலைக்குப் பள்ளியிலேயே போடுகிற தொடர் மதிப்பீடு) 20. மொத்தம் 90 வந்தால் ஏ பிளஸ். சி.இ. முழுசாகக் கிடைத்தால் தேர்வில் 70 போதும், சி.இ. 16 என்றால் 74 எடுக்க வேண்டும். அந்த நாலு ஸ்கோரைத் தேர்வு ஹாலில் சம்பாதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எழுதியவர்களுக்குத் தெரியும். வாரப் பக்கத்தை ஒழுங்காக எழுதித் தருகிறவருக்கு அது வருஷம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துவிடும்.

அடுத்தது நேரம். 80 ஸ்கோருக்கு 150 நிமிஷம். ஒரு ஸ்கோருக்கு இரண்டு நிமிஷம்கூட இல்லை. 7 ஸ்கோர் டிஸ்கோர்ஸ் (டைரி, கடிதம் மாதிரி சொந்தமாக எழுதுகிற கேள்வி) என்றால் 13 நிமிஷம். வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழகாக எழுதிப் பழகுகிறவர்கள் கடைசி இரண்டு கேள்வியை அரைகுறையாக விடுவது இதனால்தான்.

வாரம் எப்படிப் போக வேண்டும்:

வெள்ளி: தலைப்பு கிடைத்ததும் ஐந்து குறிப்பு. தமிழில் எழுதலாம், ஆனால் ஒற்றை வார்த்தையாக மட்டும். முழு வாக்கியம் வேண்டாம்.
சனி காலை: கடிகாரம் வைத்து எழுதுவது. 120 முதல் 150 வார்த்தை. ஓணப் பரீட்சை வரை 25 நிமிஷம், கிறிஸ்துமஸ் பரீட்சை வரை 20, அதற்குப் பிறகு 13.
ஞாயிறு: வாய்விட்டுப் படித்துத் திருத்துவது. புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்.
திங்கள்: டீச்சர் மேஜைக்கு.

விடிகாலை எழுந்து எழுதுவதுதான் நல்லது. ராத்திரி எழுதுகிறவர்கள் நன்றாக எழுதுவதில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் காலையில் எழுதிய பக்கத்தில் பிழை குறைவு.

இனி முக்கியமான விஷயம். மீதி எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். 200 பக்க லாங் சைஸ் நோட்டு வாங்கி வலது பக்கம் மட்டும் எழுதுங்கள். இடது பக்கம் காலியாக இருக்கட்டும். சிவப்பு மையோடு நோட்டு திரும்பி வந்த அன்றைக்கே, பிழையான வாக்கியங்களில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, திருத்திய வடிவத்தை இடது பக்கம் எழுத வேண்டும். பார்த்து எழுதக் கூடாது. படி, நோட்டை மூடு, யோசி, திறந்து எழுது. பிறகு ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன வகைப் பிழை என்று ஒரே வார்த்தை: காலம், ஆர்ட்டிகிள், ப்ரெபொசிஷன், ஸ்பெல்லிங். அடுத்த சனிக்கிழமை எழுத உட்காரும் முன் அந்த மூன்று வரியை ஒருமுறை படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திருத்தும்போது அந்த மூன்று வகையைத்தான் முதலில் தேட வேண்டும்.

முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதச் சொல்வார்கள். அதில் பெரிய பலன் இல்லை. சரியான வாக்கியங்களும் சேர்ந்து வருவதால் கை தானாக ஓடும், பிழையான இடத்தில் மனசு நிற்காது. மூன்று வரி என்றால் நிற்கும். எட்டு வாரம் கழித்து இடது பக்கங்களை மட்டும் புரட்டினால் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். பெரும்பாலானவர்களுக்கு அது இரண்டு அல்லது மூன்று வகைக்குள் அடங்கிவிடும். தேர்வு ஹாலில் தேட வேண்டியதும் அவ்வளவுதான்.

தமிழ்ப் பிள்ளைகள் நோட்டில் அதிகம் வருகிற பிழைகளைச் சொல்கிறேன்.

'யெஸ்டர்டே ஐ ஹேவ் கான் டு சித்தூர்.' தமிழில் 'நேத்துப் போயிருந்தேன்' என்பது சரி என்பதால் 'ஹேவ்' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். நேற்று, போன வாரம், 2024-ல் என்று முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் இருந்தால் 'ஹேவ்' வரக் கூடாது. 'யெஸ்டர்டே ஐ வென்ட் டு சித்தூர்', அவ்வளவுதான். டைரி எழுதும்போது இந்தப் பிழை வரிசையாக வரும்.

அடுத்தது நீள வாக்கியம். 'காலையில் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்துப் பள்ளிக்கு வந்தேன்' என்பது தமிழில் ஒரே மூச்சில் வரும், வினைமுற்று ஒன்றுதான். அதையே இங்கிலீஷில் எழுதினால் நாலு 'ஆண்ட்' விழும். அதனால்தான் வெள்ளிக்கிழமைக் குறிப்பில் முழுத் தமிழ் வாக்கியம் வேண்டாம் என்றேன். ஒரு வாக்கியத்தில் இரண்டு வினைக்கு மேல் போனால் முற்றுப்புள்ளி வையுங்கள். சின்ன வாக்கியத்துக்கு மார்க் குறையாது.

'டிஸ்கஸ் அபவுட்' தவறு, 'டிஸ்கஸ்' போதும். 'ரிட்டர்ன் பேக்' தவறு, 'ரிட்டர்ன்' போதும். 'ஆல்தோ' என்று தொடங்கினால் நடுவில் 'பட்' வராது. 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்' மூன்றுக்கும் எஸ் சேர்க்கக் கூடாது.

ஆர்ட்டிகிள் தமிழில் இல்லாததால் காதுக்குப் பிடிபடாது. ஞாயிற்றுக்கிழமை பென்சிலால் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு மேலும் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைத்த இடத்தில் நின்று கேளுங்கள்: முதல் தடவை வருகிறதா, ஏற்கெனவே சொன்னதா? எண்ணக்கூடிய ஒருமைப் பொருள் முதல் தடவை வந்தால் 'எ' அல்லது 'ஆன்', திரும்ப வந்தால் 'த'. இதிலேயே முக்கால்வாசிப் பிழை போய்விடும்.

ஸ்பெல்லிங்கில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. புது வார்த்தையைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்கிற பழக்கம். 'பேக்' என்று எழுதி வைத்தால் அது பையா, முதுகா, பொட்டலம் கட்டுவதா? 'கோட்' என்றால் மேல்சட்டையா, ஆடா? பக்கத்து டிவிஷனில் மலையாளம் மீடியத்தில் படிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் எழுத்தில் அந்த ஒலிகள் தனித்தனியாக உண்டு. ஆகவே வார்த்தையை இங்கிலீஷ் எழுத்திலேயே எழுதி, பி, ஏ, ஜி என்று ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். அர்த்தம் மட்டும் தமிழில் இருக்கட்டும்.

டிஸ்கோர்ஸ் வடிவங்கள் எல்லாருக்கும் தெரியும். மார்க் போகிற இடம் மட்டும்:

டைரி: கிழமையும் தேதியும் விட்டுப்போகும். நடந்ததை மட்டும் எழுதி மனசில் ஓடியதை எழுதாமல் விடுவது அதைவிட மோசம்.
கடிதம்: எடிட்டருக்கு எழுதுவதையும் சிநேகிதிக்கு எழுதுவதையும் ஒரே மாதிரி முடிப்பது.
நோட்டீஸ்: இடம், நாள், நேரம் மூன்றும் தனித்தனி வரியில் வேண்டும்.
ரிப்போர்ட்: தலைப்பு இல்லாமல் தொடங்குவது, நடுவில் 'ஐ' வந்துவிடுவது.
கான்வர்சேஷன்: ஒருவர் பத்து வரி பேசி மற்றவர் 'யெஸ்' என்பது. இருவரும் மாறி மாறி ஐந்தாறு தடவையாவது பேச வேண்டும்.
ஸ்பீச்: வணக்கம் உண்டு, நன்றி இருக்காது.

புரொஃபைல் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். குறிப்பு கொடுத்துவிடுவார்கள் என்பதால் சுலபம் என்று நினைத்து நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நம் தாலுகாவிலேயே பிளாச்சிமடை மயிலம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்புகள்: எரவாளர் பழங்குடி; குடிநீருக்கான போராட்டம் தொடங்கியது 2002; குளிர்பான ஆலை நின்றது 2004; மறைவு 2007. நாலு குறிப்பையும் நாலு தனி வாக்கியமாக 'ஷி', 'ஷி' என்று தொடங்கினால் படிக்கவே சலிப்பாக இருக்கும். முதல் இரண்டையும் ஒரே வாக்கியமாகச் சேருங்கள், மூன்றாவதை 'இன் 2004' என்று தொடங்குங்கள். பிறப்புக்கு 'வாஸ் பார்ன்', இறப்புக்கு வெறும் 'டைட்'. 'ஷி பார்ன்', 'ஷி வாஸ் டைட்' என்று மாற்றி எழுதுவது எல்லா வகுப்பிலும் நடக்கிறது.

தலைப்பை டீச்சர் நம்மிடமே விட்டுவிட்டால் 'மை ஹாபி' மாதிரி எழுதாதீர்கள். அதில் சொல்ல ஒன்றும் இருக்காது. ஊரில் கண்ணெதிரே இருப்பதை எடுங்கள்: கள் இறக்குகிற தோப்பு, வேலந்தாவளம் சோதனைச்சாவடியில் நிற்கிற காய்கறி லாரி, கல்பாத்தித் தேர், கோடையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. தண்ணீர் பற்றி எடிட்டருக்குக் கடிதம் என்றால், 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணையில் கேரளத்துக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. வர வேண்டும் என்ற ஒரு வரி போதும். கடிதத்துக்கு உடனே எடை வந்துவிடும். கைடில் இருந்து இறக்கிய பத்துப் பொதுவான வரியைவிடத் தெரிந்த ஒரு எண் மேல்.

இனி தேர்வு நாள். எழுதத் தொடங்கும் முன் கேள்வித்தாளைப் படிக்கத் தருகிற கூல் ஆஃப் டைம் 15 நிமிஷத்தில் முதலில் சாய்ஸ் உள்ள கேள்விகளைப் பாருங்கள். எந்த டிஸ்கோர்ஸ் என்று அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். பாதி எழுதி மாற்றினால் எட்டு நிமிஷம் போய்விடும். பாசேஜ் கேள்விகளை முதலில் முடித்து, பெரிய டிஸ்கோர்ஸை அடுத்து எழுதி, எடிட்டிங்கை (கொடுத்த பத்தியில் பிழை திருத்துகிற கேள்வி) கடைசிக்கு முன் வைக்கலாம். எடிட்டிங்கில் பிழைக்கு அடிக்கோடு போட்டிருந்தால், அந்த வார்த்தையை மட்டும் பார்க்காமல் வாக்கியத்தின் எழுவாயையும் காலத்தையும் பாருங்கள்.

கடைசிப் பத்து நிமிஷம் எழுதக் கூடாது. முதலில் கேள்வி எண்கள் சரியா. பிறகு டைரி, கடிதத்தில் தேதி. பிறகு இடது பக்கம் சொல்லிக் கொடுத்த உங்கள் இரண்டு மூன்று பிழை வகை, அவற்றை மட்டும், முதல் பேப்பரிலிருந்து.

நோட்டை மாடல் எக்ஸாம் முடிந்ததும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சி.இ. பார்க்கிறதற்காக ஸ்டாஃப் ரூமில் வைத்திருப்பார்கள். ஸ்டடி லீவில் போய்க் கேட்டால் கட்டுக்குள் தேட வேண்டி வரும்.